கேள்வி யாரோடது? மக்களோட சேர்ந்து பண்ற சுகாதார ஆராய்ச்சி பத்தி எளிமையா ஒரு விளக்கம்

சில வருஷம் முன்னாடி ஒரு சர்வே வேலைக்காக டேப்லட்டும் கையுமா வீடு வீடா ஏறி இறங்கிட்டு இருந்தேன். சுகர், பிரஷர் பத்தின சர்வே, கேள்வி எல்லாம் எங்கயோ ஏசி ரூம்ல உக்காந்து யாரோ எழுதினது. குளச்சல் பக்கம் கடப்புறத்து ஊரு ஒண்ணு. ஒரு அம்மா காலைல ஏலத்துல மீன் எடுத்து, சருவத்துல அடுக்கி, தலைச்சுமடா ஊர் ஊரா வித்துட்டு அப்பத்தான் வந்து திண்ணையில காலை நீட்டி உக்காந்திருந்தாங்க. நான் டேப்லட்ட பாத்து வாசிச்சேன், "அம்மா, வாரத்துல எத்தனை நாளு குறைஞ்சது அரை மணி நேரம் நடப்பீங்க?"

அவங்க என்னைய ஏற இறங்க பாத்தாங்க. "நான் நடக்காத நாளு எதுன்னு கேளு மக்கா, சொல்லுதேன்."

பக்கத்து வீட்டு அக்கா சிரிச்சிட்டாங்க, எனக்கும் சிரிப்புதான், ஆனா கேள்விய தாண்டி போக முடியாது, ஏதாவது நம்பர் அமுக்கினாத்தான் அடுத்த பக்கம் வரும், அதனால 7ன்னு அமுக்கினேன். எல்லாம் முடிஞ்சு எந்திரிக்கும்போது அந்தம்மா பின்கழுத்துல கைய வெச்சு காட்டி, "இதுக்கு அதுல ஏதாவது எழுதுவியா, ராத்திரி படுக்க முடியல"ன்னாங்க. டேப்லட்டுல கழுத்துக்கு இடமே இல்ல. 'மற்றவை'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல போட்டேன். அந்த மாதிரி 'மற்றவை' எல்லாம் கடைசியில யார் படிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது.

இந்த கட்டுரை அந்த 'மற்றவை' கட்டத்தப் பத்திதான்னு வெச்சுக்கோங்க. மக்களோட உடம்பப் பத்தி ஆராய்ச்சி பண்றப்போ, எதைக் கேக்கணும்னு முடிவு பண்றதுலயே அந்த மக்களும் உக்காந்திருக்கணும்னு ஒரு முறை இருக்கு. தமிழ்ல சமூகப் பங்கேற்பு ஆராய்ச்சின்னு சொல்லலாம். பேரு பெருசா இருக்கே தவிர விஷயம் ரொம்ப எளிமை.

முதல்ல எதுக்கு இது தேவைன்னு பாத்துருவோம். நம்ம குமரி மாவட்டத்துல போய் சுகாதார ஏற்றத்தாழ்வுன்னு பேசினா பாதி பேரு நம்ப மாட்டாங்க. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுலயே படிப்பறிவுல முதல் இடம், 91.75 சதவீதம். அதே சென்சஸ்ல மாவட்டத்துல 82 சதவீதம் பேரு நகர்ப்புறத்துல இருக்காங்கன்னு கணக்கு, பேரூராட்சி அவ்வளவு இருக்குல்ல, அதனால தென்னந்தோப்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவுல இருக்கிற வீடு கூட சில இடத்துல 'நகரம்' ஆயிரும். நெய்யூர்ல 1838லயே மிஷன் மருத்துவம் தொடங்கியாச்சு, ஆசாரிபள்ளத்துல மெடிக்கல் காலேஜ் இருக்கு, அதுவும் பத்தலன்னா வண்டி பிடிச்சு திருவனந்தபுரம் போயிரலாம். பேப்பர்ல பாத்தா நம்ம மாவட்டத்துக்கு என்ன குறை?

குறை சராசரியிலதான் இருக்கு. சராசரின்னா எல்லாத்தையும் கூட்டி வகுக்கறது, அதுல நாகர்கோவில்ல ஆஸ்பத்திரிக்கு எதிர் வீட்டுல இருக்கறவரும் வருவாரு, பேச்சிப்பாறை அணைக்கு அந்தப்பக்கம் படகுல வந்து இறங்கி அப்புறம் பஸ்சுக்கு நிக்கிற, காணிங்கிற மலைப் பழங்குடியைச் சேர்ந்த காணிக்காரரும் வருவாரு, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா யாருக்குமே பொருந்தாத ஒரு நம்பர் வரும், அந்த நம்பர் அழகா இருக்கும். மாவட்டம் நல்லா இருக்கிறதாலேயே அதுக்குள்ள இருக்கிற பள்ளம் வெளியே தெரியாம போகுது. மோசமான மாவட்டத்துல இந்த பிரச்சனை கம்மி, அங்க எல்லாருக்கும் தெரியும் மோசம்னு.

ஏற்றத்தாழ்வுன்னா வெறும் வித்தியாசம் இல்ல, இதையும் சொல்லிரணும். எண்பது வயசு தாத்தாவுக்கு இருபது வயசு பேரனை விட மூட்டு வலி அதிகம்னா அது வித்தியாசம், வயசாச்சு. ஆனா ஒரே வயசு, ஒரே வியாதி, ஒருத்தருக்கு அன்னிக்கே ஈசிஜி எடுக்க முடியுது, இன்னொருத்தரு மலையில இருந்து இறங்கி வர்றதுக்குள்ள முடிஞ்சிருது, இது தவிர்த்திருக்கலாம், தவிர்க்கல. தவிர்க்கக்கூடியதும் நியாயமில்லாததுமா எது இருக்கோ அதைத்தான் ஏற்றத்தாழ்வுன்னு சொல்றாங்க.

ஜூலியன் டூடர் ஹார்ட்னு ஒரு டாக்டர், பிரிட்டன்ல வேல்ஸ் பக்கம் நிலக்கரி சுரங்கத் தொழிலாளிங்க இருந்த கிராமத்துல வேலை பாத்தவரு. அவரு 1971ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில ஒரு விஷயம் எழுதினாரு: எங்க மருத்துவத் தேவை அதிகமோ அங்கதான் நல்ல மருத்துவம் கம்மியா கிடைக்கும். தலைகீழ் விதின்னு இதுக்கு பேரே வெச்சாரு. அவரு எழுதினது இங்கிலாந்து, வேல்ஸ் நிலைமைய பாத்து, ஆனா கடப்புறத்துலயோ மலையோரத்துலயோ நின்னு படிச்சா நமக்காக எழுதின மாதிரி இருக்கும். இன்னொண்ணு, அவரு சும்மா எழுதிட்டு போகல, தன்கிட்ட வர்ற ஊர்க்காரங்க எல்லாருக்கும் பிரஷர் பாத்து பதிவு பண்ணி, நோயாளிகளையே கூட்டாளியா வெச்சு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினவரு.

அரசு கணக்கும் ஒண்ணு இருக்கு. சமவெளியில 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதி, பழங்குடிப் பகுதின்னா 3,000 பேருக்கு ஒண்ணு. ஆரம்ப சுகாதார நிலையம் 30,000 பேருக்கு, மலைன்னா 20,000. தலை எண்ணி போட்ட கணக்கு, தப்பு சொல்ல முடியாது. ஆனா மலையில அந்த 3,000 பேரு எத்தனை குன்னுல சிதறிக் கிடக்காங்க, நடுவுல ஆறு இருக்கா, மழைக்கு வழி இருக்கா, இதெல்லாம் தலை எண்ணினா தெரியாது, அங்க இருக்கறவங்கள கேட்டாத்தான் தெரியும்.

சரி, வழக்கமா ஆராய்ச்சி எப்படி நடக்கும்? வெளியில இருந்து ஒரு டீம் வரும், சாம்பிள் எடுக்கும், ரத்தம் எடுக்கும், கேள்வி கேக்கும், போயிரும். அப்புறம் அவங்க கட்டுரை எங்கயோ வரும், ஊருக்கு ஒண்ணும் வராது. இதுக்கு ஹெலிகாப்டர் ஆராய்ச்சின்னே கிண்டல் பேரு உண்டு, வந்து இறங்கி அள்ளிட்டு பறந்துரும். கிண்டலை விடுங்க, இதுல டேட்டாவே தப்பா வரும், அதுதான் எனக்கு பெரிய விஷயமா படுது.

எப்படின்னா, நாங்க சர்வேக்கு போறது காலைல பத்து மணிக்கு. குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் பால் வெட்டுறவங்க விடியறதுக்கு முன்னாடியே தலையில லைட்ட கட்டிட்டு தோட்டத்துக்கு போயிருவாங்க, வெட்டி, திரும்ப மரத்துல கட்டியிருக்கிற சிரட்டை (கொட்டாங்குச்சி) சிரட்டையா பால் எடுத்து, உறைய வெச்சு ஷீட் அடிச்சு முடியற நேரத்துல நாங்க கதவ தட்டுவோம், பேச நேரமிருக்காது. தூத்தூர் பக்கம் போனா ஆம்பளைங்க ஆழ்கடல் தொழிலுக்கு போனா வாரக்கணக்கா வர மாட்டாங்க. மீன் விக்கிற அம்மாமாரு மதியம் வரைக்கும் இல்ல. அப்போ பத்து மணிக்கு வீட்டுல யாரு இருப்பா? வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க, சீக்குல படுத்தவங்க. நாங்க அவங்கள கேட்டு 'ஊரோட' ஆரோக்கியம்னு எழுதிட்டு வந்தோம்! ஊர்ல ஒரு பத்தாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைகிட்ட கேட்டிருந்தா கூட சொல்லியிருக்கும், "அண்ணே, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்க, அன்னிக்கு கடலுக்கு போவ மாட்டாங்க"ன்னு. கேக்கல.

சமூகப் பங்கேற்பு ஆராய்ச்சி அங்க இருந்துதான் தொடங்குது, கேக்கறதுல இருந்து. என்ன பிரச்சனைய ஆராயணும், யாரை கேக்கணும், எப்போ கேக்கணும், எந்த வார்த்தையில கேக்கணும், வந்த பதிலுக்கு என்ன அர்த்தம், அதை வெச்சு அடுத்து என்ன செய்யணும்னு எல்லா கட்டத்துலயும் ஊர்க்காரங்களும் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து முடிவெடுக்கணும். வேர் எங்கன்னா, 1946ல கர்ட் லெவின்ங்கிற உளவியலாளர் ஆராய்ச்சியும் செயலும் சேர்ந்தே நடக்கணும்னு எழுதினாரு, அப்புறம் லத்தீன் அமெரிக்கா பக்கம் முதியோர் கல்வி இயக்கங்கள்ல இருந்து ஒரு கிளை வந்து சேந்துச்சு. வரலாறு அது போதும்.

'பங்கேற்பு'ங்கிற வார்த்தைய நம்ப முடியாது, அதை சொல்லணும். கிராம சபையில போட்டோ எடுத்து கையெழுத்து வாங்கினாலும் பங்கேற்புன்னு எழுதிருவாங்க. ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன்ங்கிற அம்மா 1969ல இதுக்கு ஒரு ஏணி போட்டாங்க, எட்டு படி. அடிப்படியில மக்களை ஏமாத்தி தலையாட்ட வைக்கிறது, நடுவுல தகவல் சொல்றது, கருத்து கேக்கறது, உச்சிப்படியில மக்களே முடிவெடுக்கறது. நம்ம ஊர்ல நடக்கிற முக்காவாசி 'பங்கேற்பு' கருத்து கேக்கிற படியிலயே நின்னுரும். கேப்பாங்க, எழுதுவாங்க, டீ பிஸ்கட் குடுப்பாங்க.

இன்னொரு குழப்பத்தையும் தீத்துருவோம். மெடிக்கல் கேம்ப் போடறது இது இல்ல. 2021 ஆகஸ்ட் 5ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் இருக்கே, வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரை குடுக்கறாங்க, நல்ல திட்டம், எங்க பாட்டிக்கே உபயோகமா இருந்துச்சு, ஆனா அது சேவை. ஆராய்ச்சின்னா நமக்கு தெரியாத ஒண்ண முறையா கண்டுபிடிக்கணும். ஏன் இந்த ஊர்ல மட்டும் மாத்திரை வாங்கியும் பாதிப்பேரு சாப்பிடறதில்லன்னு கேட்டு தேடினா அது ஆராய்ச்சி.

இப்போ ஒரு உதாரணத்த முழுசா போட்டு பாப்போம். நடந்த கதை இல்ல, இப்படி நடந்தா எப்படி இருக்கும்னு வெச்சுக்கோங்க. விளவங்கோடு, கல்குளம் பக்கம் அண்டி ஆபீஸ் நிறைய உண்டு, வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், முந்திரிக்கொட்டை உடைக்கிற ஃபேக்டரியத்தான் நாங்க அண்டி ஆபீஸ்னு சொல்லுவோம், வேலை பாக்கறது பெரும்பாலும் பொம்பளைங்க. வெளியில இருந்து வர்ற ஆராய்ச்சியாளர் என்ன நினைச்சு வருவாரு? ரத்தசோகை பாக்கலாம், இல்ல சுகர் பாக்கலாம், ஏன்னா அதுக்குத்தான் ஃபண்டு வந்திருக்கும்.

அவரு அதை ஓரமா வெச்சுட்டு, வேலை முடிஞ்ச சாயங்காலம் பத்து பன்னெண்டு பேரோட ஒரு வீட்டு முற்றத்துல உக்காருறாருன்னு வெச்சுக்குவோம். ஆபீஸுக்குள்ள வேண்டாம், முதலாளி ஆளு நிப்பாங்க. ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல மனுஷ உருவம் ஒண்ணு வரைஞ்சு, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும், எல்லாருக்கும் ஒரு ஸ்கெட்ச் பேனா குடுத்து எங்கெங்க வலிக்கோ அங்க புள்ளி வைங்கன்னு சொல்றாரு. உடல் வரைபடம்னு இதை சொல்லுவாங்க, தொழிலாளர் உடல்நலம் பாக்கறவங்க பல நாட்டுல பண்ற முறைதான், எழுதப் படிக்க தெரியணும்னு அவசியமே இல்ல. முதல்ல கூச்சப்படுவாங்க, ஒருத்தி எந்திரிச்சு இடுப்புல ஒரு புள்ளி வெச்சா அடுத்தவங்க வரிசையா வருவாங்க. பத்து நிமிஷத்துல படம் பேசும். இடுப்புல கொத்தா புள்ளி, முட்டியில கொத்தா புள்ளி, விரல் நுனி எல்லாம் புள்ளி, ஏன்னா முந்திரித் தோட்டுல இருந்து வர்ற எண்ணெய் தோல பொத்துப்போக வைக்கும், சாம்பல் தடவி எண்ணெய் தடவி சமாளிப்பாங்க. அப்புறம் யாரோ ஒருத்தங்க, பெரும்பாலும் வயசான அக்காதான், கொஞ்சம் தயங்கி அடிவயித்துல ஒரு புள்ளி வைப்பாங்க. அதைப் பாத்து மத்தவங்க ஒண்ணும் சொல்லாம இன்னும் நாலு புள்ளி வைப்பாங்க.

அந்த அடிவயித்துப் புள்ளிதான் ஆராய்ச்சி. ஏன்னு பேச ஆரம்பிச்சா வெளிய வரும்: ஒண்ணுக்கு போகும்போது எரிச்சல், அடிக்கடி காய்ச்சல். எதனால? கூலி கிலோ கணக்குக்கு. எந்திரிச்சு போனா அந்த நேரத்துக்கு கிலோ குறையும், அதனால தண்ணியே குடிக்கறதில்ல, குடிச்சாத்தானே போகணும். கழிவறை தூரத்துல, அதுவும் அவ்வளவு நல்லா இல்ல. பாருங்க, சிறுநீர்த் தொற்றுக்கு காரணம் கிருமின்னு டாக்டர் சொல்லுவாரு, சரிதான், ஆனா அந்த கிருமி உள்ள வந்து தங்க வழி பண்ணினது கூலி போடற முறை. இதை எந்த ரத்த டெஸ்டும் காட்டாது.

இப்போ கேள்வி கிடைச்சாச்சு. அடுத்தது அதை அளக்கணும், இல்லன்னா அது வெறும் பேச்சு. அந்த பெண்கள்லயே நாலஞ்சு பேருக்கு பயிற்சி குடுத்து, கேள்வித்தாள அவங்க வார்த்தையில மாத்தி எழுதி, தினம் எத்தனை டம்ளர் தண்ணி, எத்தனை தடவை எந்திரிச்சோம், இந்த மாசம் எரிச்சல் வந்துச்சான்னு குறிக்கணும், கூட சிறுநீர் பரிசோதனையும் வேணும், சொல்லுக்கு மட்டும் விட்டா நாளைக்கு யாரும் நம்ப மாட்டாங்க. ஒப்பிட்டு பாக்க இதே மாதிரி இன்னொரு ஆபீஸும் வேணும். இங்க ஆராய்ச்சியாளரோட படிப்பு நிஜமா உதவும், எத்தனை பேரை கேட்டா போதும், தற்செயலா வந்த வித்தியாசத்தையும் உண்மையான வித்தியாசத்தையும் எப்படி பிரிக்கறது, இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மக்களுக்கு எல்லாம் தெரியும்னு சொல்றது ஒரு வகை நடிப்பு. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது வேற வேற, அதனாலதான் சேர வேண்டியிருக்கு.

தீர்வு யோசிக்கிறப்பவும் இப்படித்தான். வெளியில இருந்து வந்தவரு உடனே கையுறை குடுத்துரலாம்பாரு. கையுறை போட்டா விரலுக்கு பிடிமானம் இருக்காது, பருப்பு உடையும், உடைஞ்ச பருப்புக்கு மதிப்பு கம்மி, திட்டு விழும், ரெண்டாம் நாளே கையுறை அடுப்பங்கரைக்கு சூடான சட்டி இறக்க போயிரும். இதை முதல் நாளே அந்த அக்காமாருகிட்ட கேட்டிருந்தா காசு மிச்சம். அவங்க கேக்கறது வேறயா இருக்கலாம், காலைல ஒண்ணு மதியம் ஒண்ணுன்னு எல்லாரும் ஒரே நேரத்துல எந்திரிக்கிற மாதிரி பத்து நிமிஷ இடைவேளை, அப்போ யாருக்கும் கிலோ பின்தங்காது. செலவில்லாத யோசனை, ஆனா உக்காந்து வேலை பாத்தவங்களுக்குத்தான் தோணும். ஆறு மாசம் அதை செஞ்சு பாத்து திரும்ப அளந்தா வேலை செஞ்சுதா இல்லையான்னு தெரிஞ்சிரும்.

இதுல ரகசியம் காக்கறதும் உண்டு, அது சின்ன விஷயம் இல்ல. யார் என்ன சொன்னாங்கன்னு முதலாளிக்கு தெரிஞ்சா அடுத்த வாரம் வேலைக்கு வராதேம்பாங்க. ஐ.சி.எம்.ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2017ல போட்ட நெறிமுறைப்படி மனுஷங்கள வெச்சு பண்ற எந்த மருத்துவ ஆராய்ச்சிக்கும், அது நியாயமா நடக்குமான்னு பாக்கிற நெறிமுறைக் குழுகிட்ட அனுமதி வாங்கணும், கலந்துக்கறவங்களுக்கு புரியற மொழியில எல்லாத்தையும் விளக்கி சம்மதம் வாங்கணும், எப்ப வேணும்னாலும் நான் வரலன்னு விலகலாம். நம்ம ஊர்ல பேப்பர்ல கையெழுத்துன்னாலே, ரேஷன் கார்டுக்கு ஏதாவது ஆயிருமான்னு பயம், இல்லன்னா இதுக்கு வீடு கிடைக்குமான்னு ஆசை. ரெண்டையும் தெளிவா இல்லன்னு சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும், நான் சர்வே பண்ணின காலத்துல சில வீட்டுல அவசரத்துல சொல்லாம விட்டிருக்கேன், அது தப்புதான்.

இதெல்லாம் கேக்க நல்லா இருக்கு, பலன் உண்டான்னு கேட்டா, உண்டு. ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்கள்ல ஏக்ஜுட்ங்கிற அமைப்பு பெண்கள் குழுக்களை மாசா மாசம் கூட்டி, ஏன் நம்ம ஊர்ல பிறந்த குழந்தை சாகுதுன்னு கதை, படம், விளையாட்டு மூலமா அவங்களே பேசி, அவங்களே வழி தேட வெச்சாங்க. பெரிய டாக்டர் யாரும் போய் லெக்சர் குடுக்கல. 2010ல லான்செட்ல முடிவு வந்துச்சு, குழு இல்லாத பகுதியோட ஒப்பிட்டா மூணு வருஷத்துல பச்சிளம் குழந்தை இறப்பு 32 சதவீதம் கம்மி, கடைசி ரெண்டு வருஷத்த மட்டும் எடுத்தா 45 சதவீதம். அதுக்கு முன்னாடி மகாராஷ்டிராவுல கட்சிரோலியில அபய் பங், ராணி பங்னு டாக்டர் தம்பதி, 39 கிராமத்துல உள்ளூர் பெண்களுக்கே பயிற்சி குடுத்து வீட்டுலயே பச்சிளம் குழந்தைய பாத்துக்க வெச்சாங்க, ஆயிரத்துக்கு 62ஆ இருந்த இறப்பு 25 பக்கம் இறங்குச்சு, 1999ல வெளிவந்த ஆய்வு. இன்னிக்கு நாட்டுல ஆஷா பணியாளர்கள், அதாவது கிராமத்துல சுகாதார வேலை பாக்கிற உள்ளூர் பெண்கள், பிறந்த குழந்தைய பாக்க வீட்டுக்கு வர்றதுக்கு பின்னாடி இந்த வேலைக்கு பெரிய பங்கு உண்டு.

நம்ம பக்கத்துலயே ஒரு கதை இருக்கு, இது மருந்து பத்தினது, அதனால கொஞ்சம் விலகின மாதிரி தெரியும், ஆனா விட மனசில்ல. 1987ல அகத்தியமலையில கேரளப் பக்கம் சில விஞ்ஞானிகள் காணிக்காரங்கள வழிகாட்டியா கூட்டிட்டு போனாங்க. ஏறி ஏறி இவங்களுக்கு நாக்கு தள்ளுது, காணிக்காரங்க ஏதோ ஒரு காய பறிச்சு தின்னுட்டு சோர்வே இல்லாம நடக்கறாங்க. என்னன்னு கேட்டா முதல்ல சொல்லல, அப்புறம்தான் காட்டினாங்க, ஆரோக்கியப்பச்சைன்னு ஒரு செடி. பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்துல அதுல இருந்து ஜீவனின்னு ஒரு மருந்து உண்டாக்கி, ஒரு ஆயுர்வேத கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில 2 சதவீதத்துக்கும் உரிமை குடுத்தாங்க, அதுல பாதி காணிக்காரங்களுக்குன்னு முடிவாச்சு, 1997ல அதுக்குன்னு ஒரு டிரஸ்ட் வந்துச்சு. பாரம்பரிய அறிவுக்கு பங்கு குடுத்த முன்னோடின்னு உலகம் முழுக்க பேசினாங்க. ஆனா உள்ளுக்குள்ள, நாலஞ்சு பேருகிட்ட கேட்டுட்டு மொத்த சமூகத்துகிட்ட கேட்ட மாதிரி ஆயிருச்சு, எங்க ஊருக்கு சொல்லவே இல்லன்னு மத்த காணிக் குடியிருப்புல மனத்தாங்கலும் வந்துச்சு.

அந்த மனத்தாங்கல்தான் இந்த முறையோட பெரிய சிக்கல். 'ஊரு'ன்னா யாரு? கடப்புறத்துல ஊர் கமிட்டிகிட்ட பேசினா ஊர்கிட்ட பேசின மாதிரி ஆயிரும்னு நினைப்போம், கமிட்டியில பொம்பளைங்க எத்தனை பேரு? மலையோரத்துல எஸ்டேட்டு வெச்சிருக்கறவரும் ஊர்க்காரர்தான், அதுல பால் வெட்டறவரும் ஊர்க்காரர்தான், ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சனையா இருக்கும்? மழைக்காலத்துல பால் வெட்டு நிக்கும்போது சிரட்டைய கவுத்தி வைக்கலன்னா தண்ணி தேங்கி டெங்கு கொசு பெருகும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா கவுத்தி வைக்கிற வேலைக்கு கூலி யாரு குடுக்கறதுன்னு கேட்டா கூட்டம் ரெண்டா பிரிஞ்சிரும். சாதி, சபை, பங்கு (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட மக்கள்), கட்சி எல்லாம் இருக்கு. சத்தமா பேசறவங்க கேள்வியே ஊர்க் கேள்வியா மாறிராம பாக்கணும்னா தனித்தனியா உக்கார வெக்கணும், பெண்கள் தனியா, இளசுங்க தனியா, கூலிக்காரங்க தனியா. நேரம் எடுக்கும். ஃபண்டு குடுக்கறவங்க பன்னெண்டு மாசத்துல ரிப்போர்ட் கேப்பாங்க, நம்பிக்கை வரவே இங்க எட்டு மாசம் ஆகும்.

இன்னொரு சங்கடம், மக்கள் கேக்கிற கேள்விக்கு மக்கள் எதிர்பாக்காத பதில் வந்தா? மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரை மணல்ல மோனசைட்ங்கிற தாது இருக்கு, அதுல கதிர்வீச்சு விடற தோரியம் இருக்கு, அதனால அங்க இயற்கையாவே கதிர்வீச்சு கூட. இங்க எந்த வீட்டுல கேட்டாலும் கேன்சருக்கு மண்ணுதான் காரணம்பாங்க. இதே மாதிரி மணல் இருக்கிற கொல்லம் மாவட்டத்து கருநாகப்பள்ளியில சுமார் 70,000 பேரை பத்து வருஷத்துக்கு மேல கவனிச்சு 2009ல வெளியிட்ட ஆய்வுல, அந்த இயற்கைக் கதிர்வீச்சால கேன்சர் கூடினதா தெரியலன்னு வந்துச்சு. அதை அப்படியே தூக்கி நம்ம ஊர்ல ஒட்டவும் முடியாது, அங்க இருக்கிற வாழ்க்கை வேற, இங்க வேற. அதுக்காக முடிவு பிடிக்கலன்னு மறைக்கவும் கூடாது. எனக்கு இதுல தோணறது என்னன்னா, கேள்விய உடைச்சு பாக்கணும். மண்ணு காரணமாங்கிறது ஒரு கேள்வி. கேன்சர்னு தெரியவே ஏன் இவ்வளவு லேட்டாகுது, ஏன் எல்லாரும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி கேன்சர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கு, அங்க போய் வைத்தியம் பாக்கறவங்க கணக்கு நம்ம மாவட்டக் கணக்குல ஒழுங்கா சேருதா, இதெல்லாம் வேற கேள்வி. முதல் கேள்விக்கு பதில் எதுவா இருந்தாலும் ரெண்டாவது கேள்விங்க நிக்கும்.

மக்களுக்கு டேட்டா எடுக்க வராதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ, யார் யாரு கடல்ல இருக்காங்க, எந்த படகு, எத்தனை பேரு, யாரு திரும்பலன்னு பங்கு பங்கா பேரு எழுதி லிஸ்ட் போட்டது கடப்புறத்து ஜனங்கதான். வெளியில சொல்லிட்டு இருந்த எண்ணிக்கையோட அது ஒத்துப்போகல, அவங்க விடல, பேரோட நின்னாங்க. கணக்கெடுப்புன்னா அதுதான், யாரும் அவங்களுக்கு பயிற்சி குடுக்கல.

கடைசியா, நாளைக்கு உங்க வீட்டு வாசல்ல ஒருத்தரு டேப்லட்டோட வந்து நின்னா, பாவம் அவரை விரட்டாதீங்க, நானும் அப்படி நின்னவன்தான், வெயில்ல தண்ணி குடுங்க. குடுத்துட்டு கேளுங்க. இந்த கேள்விய யாரு எழுதினாங்க? எங்க ஊர்ல யாருகிட்டயாவது முன்னாடி காட்டினீங்களா? எங்க ரத்தம், எங்க தகவல் எங்க போகும், யாரு வெச்சிருப்பாங்க? நெறிமுறைக் குழு அனுமதி இருக்கா, காட்டுங்க. முடிவு வந்ததும் எங்ககிட்ட வந்து தமிழ்ல சொல்லுவீங்களா, எந்த தேதியில? தேதி சொல்லத் தெரியாம முழிச்சாருன்னா, நீங்களே ஒரு ஞாயித்துக்கிழமைய சொல்லுங்க, பூசை முடிஞ்சு பத்து மணிக்கு, அன்னிக்கு எல்லாரும் ஊர்ல இருப்பாங்க.